தானாகத் திரும்பும் வளையம்

ஜனவரி 11

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுவது. இங்கே அனைவரும் சுகம். அனைவரும் என்றால் இப்போது நானும் உன் அத்தானும் மட்டும்தான். மகள் கல்லூரி விடுதிக்குப் போனபின் வீடு அவ்வளவுதான் என்று ஆகிவிட்டது. உன் முதுகுவலி எப்படி இருக்கிறது? கனமான மெஷின்களைத் தனியாகத் தூக்காதே என்று எத்தனை முறை சொல்வது?

போன் இருக்கக் கடிதம் எதற்கு என்று நினைப்பாய். போனில் நான் இரண்டாவது வாக்கியத்தை ஆரம்பிப்பதற்குள், "அக்கா, இன்னொரு கால் வருது, அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிடுகிறாய். அந்த அப்புறம் இன்றுவரை வரவில்லை. கடிதத்தையும் நீ பாதியில் வைக்கலாம். ஆனால் அது எனக்குத் தெரியாது, அந்த மட்டில் நிம்மதி.

விஷயம் இதுதான். வீட்டுக்கு ஒரு எஸ்பிரெசோ மெஷின் வாங்கப் போகிறேன். ஓட்டல்களிலும் ஆபீஸ்களிலும் காபி மெஷின் பழுது பார்ப்பவன் நீ. உன்னை விட்டு வேறு யாரைக் கேட்பேன்? உன் அத்தான் விடிந்ததும் விடியாததுமாகத் தெருமுனைக் காபிக் கடைக்குப் போய்விடுகிறார். ஒரு கப் காபிக்கு ஒரு மணி நேரம். கேட்டால், கடை மெஷினில் வருகிற மாதிரி வீட்டில் வராது என்கிறார். திரும்பி வந்ததும் குளியல், உடனே குடிநீர் அலுவலகத்துக்கு ஓட்டம். அங்கே புகார்ப் பிரிவில் உட்கார்ந்துகொண்டு, தண்ணீர் வரவில்லை, வந்தால் கலங்கலாக வருகிறது என்று ஊரே சொல்வதை நாள் முழுக்கக் கேட்கிறார். மாலையில் சோபாவில் சாய்ந்தால் அடுத்த நிமிடம் குறட்டை.

பல் டாக்டர் கிளினிக்கை மூடிவிட்டுப் போனபின் எனக்கும் வேலை இல்லை. வரவேற்பு மேசையில் உட்கார்ந்து நாளெல்லாம் பேசிப் பழகிய வாய் இது. இப்போது நான் ஒருநாளில் பேசுகிற அதிகபட்சப் பேச்சு, பால்காரரிடம் "நாளைக்கும் இதே அளவு" என்று சொல்வதுதான். காலையில் ஒரு மணி நேரமாவது அந்த மனிதர் என் எதிரே உட்கார்ந்து காபி குடிக்க வேண்டும், தம்பி. அதற்குத்தான் மெஷின். நல்லதாக ஒன்று பார்த்துச் சொல்.

அன்புடன்,
அக்கா


ஜனவரி 29

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். நான் நலம். முதுகும் நலம் என்று எழுதச் சொல்கிறது. நீங்கள் இருவரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

மெஷின் விஷயம். பளபளப்பைப் பார்த்து ஏமாறாதே. காபியின் ருசியில் பாதிக்கு மேல் கொட்டையை அரைப்பதில்தான் இருக்கிறது. அதனால் மெஷின் சின்னதாக இருக்கட்டும், கிரைண்டர் தனியாகவும் உறுதியாகவும் இருக்கட்டும். ஊரில் பாதிப் பேர் பெரிய மெஷினாக வாங்கிவிட்டு, அரைத்து வைத்த பழைய பொடியைப் போட்டுக் காபி இறக்குகிறார்கள். யானை வாங்கியவன் அங்குசத்துக்கு யோசித்த கதை. பொத்தான்கள் எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது. பொத்தான் நிறைய உள்ள மெஷின்களால்தான் எனக்குச் சோறு கிடைக்கிறது, அந்த அனுபவத்தில் சொல்கிறேன். தண்ணீரை வடிகட்டி ஊற்று. இல்லாவிட்டால் உள்ளே சுண்ணாம்பு படியும்.

தனிச் சீட்டில் இரண்டு மாடல்கள் எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். இரண்டில் எது வாங்கினாலும் சரி.

அத்தானிடம் கேட்டாயா? அவருக்கு இதில் விருப்பம்தானா? வேலை தலைக்கு மேல் கிடக்கிறது, நிறுத்துகிறேன்.

அன்புடன்,
தம்பி


பிப்ரவரி 20

அன்புத் தம்பிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. ஒரு பக்கம்கூட முழுதாக இல்லை. போகட்டும், நீ நலம் என்பதே போதும். எனக்குத்தான் கையில் சின்னதாக ஒரு சூடு. அது எப்படி வந்தது என்பதைக் கேள்.

நீ சொன்ன இரண்டு மாடலும் கடையில் இருந்தன. பார்த்தால் பழைய தையல் மெஷினின் ஒன்றுவிட்ட சகோதரர்கள் மாதிரி இருந்தன. விற்பனைப் பையன் ஒருவன் எதற்கு அம்மா மெஷின் என்று கேட்டான். சொன்னேன். கிளினிக் மூடியதிலிருந்து மகள் விடுதிக்குப் போனதுவரை எல்லாம் சொன்னேன். கை கட்டி நின்று முழுக்கக் கேட்டான் தம்பி, நடுவில் ஒருமுறைகூடக் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. அப்படிப்பட்டவன் காட்டுவதை வாங்காமல் எப்படி வருவது? அவன் காட்டியதையே வாங்கிவிட்டேன். கிரைண்டர் மெஷினுக்குள்ளேயே இருக்கிறது. பக்கவாட்டில் எண்கள் போட்ட வளையம். முன்னால் அழுத்தம் காட்டும் ஒரு முள். அழகு என்றால் அப்படி ஓர் அழகு.

ஆனால் காபி? முதல் நாள் பொடி நிரப்பும் கைப்பிடி கழன்று வந்து கட்டி கட்டியாகப் பொடி சுவரில் அடித்தது. மறுநாள் புளித்தது. அதற்கும் மறுநாள் சொட்டுச் சொட்டாக விழுந்து, மருந்து மாதிரிக் கசந்தது. பால் காய்ச்சும் நீராவிக் குழாயைத் தொட்டுத்தான் கையைச் சுட்டுக்கொண்டேன். அது போடும் கூச்சலில் மாடி வீட்டுக்காரர் இறங்கி வந்து ஏதாவது ஆபத்தா என்று விசாரித்தார். உன் அத்தான் ஒவ்வொரு நாளும் ஒரு வாய் குடித்துவிட்டு, "பரவாயில்லை" என்று சொல்லிக்கொண்டே செருப்பை மாட்டுகிறார்.

வாங்குவதற்கு முன் அவரைக் கேட்டேன். "உன் இஷ்டம்" என்றார். கல்லுளிமங்கன் வாயிலிருந்து அதற்கு மேல் எப்போது வந்திருக்கிறது?

நான் என்ன செய்ய வேண்டும் என்று விவரமாக எழுது.

அக்கா


மார்ச் 3

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். கைச்சூடு ஆறியிருக்கும் என்று நினைக்கிறேன். நீராவிக் குழாயை வெறும் கையால் தொடாதே.

வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டாய். இனி அது குடைகிறது என்று அழுது பயனில்லை. மெஷின் மோசமில்லை. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். கோபித்துக்கொள்ளாதே.

காபி தண்ணீர் மாதிரி வேகமாக ஓடிவந்து புளித்தால், பொடி கொரகொரவென்று இருக்கிறது என்று அர்த்தம். வளையத்தைச் சின்ன எண் பக்கம் ஒரு கோடு திருப்பு. சொட்டுச் சொட்டாக விழுந்து கசந்தால் பொடி மாவாகிவிட்டது. பெரிய எண் பக்கம் திருப்பு. ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும் மாற்று. நீ பொடியின் அளவு, அதை அமுக்கும் அழுத்தம், வளையம் எல்லாவற்றையும் ஒன்றாக மாற்றியிருப்பாய், எனக்குத் தெரியும். கைப்பிடியை இறுக்கி மாட்டு. காபி தேன் இறங்குவதுபோல மெல்லிய நூலாக இறங்கினால் சரியாக வந்துவிட்டது என்று பொருள். அதன்பின் வளையத்தைத் தொடாதே.

தம்பி


மார்ச் 24

அன்புத் தம்பிக்கு,

நீ நல்லா இருக்கணும். இதை வாய்விட்டே சொன்னேன், உனக்குக் கேட்டிருக்காது.

நீ எழுதியபடி செய்தேன். காபி நூலாக இறங்கியது, மேலே பொன்னிறத்தில் நுரை. உன் அத்தான் ஒரு வாய் குடித்தார். கப்பைக் கீழே வைத்து அதைப் பார்த்தார். இன்னொரு வாய் குடித்தார். செருப்புப் பக்கம் திரும்பவே இல்லை. எதிரே உட்கார்ந்து முழுதும் குடித்தார், தம்பி. மகளுக்கு அறைத் தோழியோடு ஒத்துப்போகவில்லை என்று சொன்னேன். குளியலறையில் ஓடு விரிசல் விட்டிருப்பதைச் சொன்னேன். மாடி வீட்டில் நாற்காலியை இழுக்கும் சத்தம், பால்காரர் அளவில் செய்யும் தில்லுமுல்லு, எல்லாம் சொன்னேன். "ம்" கொட்டினார். மறுநாளும் உட்கார்ந்தார். அந்த இரண்டு நாளும் நான் சமைக்கும்போது பாடிக்கொண்டிருந்தேன் என்று மாடி வீட்டுக்காரரே சொன்னார்.

மூன்றாம் நாள் காபி வெறும் தண்ணீராக ஓடிவந்தது. நான் எதையும் தொடவில்லை. அதே கொட்டை, அதே அளவு, அதே அழுத்தம். உன் அத்தான் கப்பைப் பார்த்துவிட்டு, பாவம் நீ கஷ்டப்படாதே, நான் கடையிலேயே குடித்துக்கொள்கிறேன் என்று கிளம்பிவிட்டார். அவர் போனபின் பார்த்தால் வளையம் பெரிய எண்ணில் நிற்கிறது. திருத்தி வைத்தேன். மறுநாளும் அதற்கு மறுநாளும் நன்றாக வந்தது. அதற்கடுத்த நாள் மறுபடியும் தண்ணீர். இப்படியே போய்க்கொண்டிருக்கிறது.

நேற்று அந்த மெஷின் முன்னால் நின்று அழுதேன். ஒரு இரும்புப் பெட்டிக்கு முன்னால் நின்று இந்த வயதில் அழுவேன் என்று நான் நினைத்ததே இல்லை. எரிச்சலாக இருக்கிறது, வெட்கமாகவும் இருக்கிறது. சீக்கிரம் பதில் எழுது.

அக்கா


ஏப்ரல் 6

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். நலம். அழாதே. மெஷினுக்காக அழுதவர்கள் ஊரில் நிறையப் பேர் உண்டு. பெரிய ஓட்டல் மேனேஜர் ஒருவர் என் முன்னாலேயே அழுதிருக்கிறார்.

கொட்டைப் பையை இறுக்கி மூடி வைக்கிறாயா? காற்றில் ஈரம் ஏறினாலும் இறங்கினாலும் கொஞ்சம் வித்தியாசம் வரும். ஆனால் நீ சொல்லும் அளவுக்கு வராது. ஒன்று செய். வளையம் சரியான இடத்தில் இருக்கும்போது, வளையத்தையும் மெஷின் உடம்பையும் சேர்த்து நகப்பூச்சால் ஒரு கோடு போடு. வளையம் நகர்ந்தால் கோடு இரண்டாகப் பிரிந்து நிற்கும். அப்போது பழுது எங்கே என்று தெரிந்துவிடும்.

அத்தானுக்கு என் வணக்கம் சொல்.

தம்பி


ஏப்ரல் 19

தம்பிக்கு,

சுகம். நீ சுகமா?

கோடு போட்டேன். மகள் விட்டுப்போன சிவப்புப் பூச்சு. கோடு பிரிந்து நிற்கிறது.

நீ மெக்கானிக். இந்தத் தொழிலில் தலைமுடி நரைத்தவன். வளையம் தானாகத் திரும்புமா, திரும்பாதா? இந்த வீட்டில் இருப்பது நாங்கள் இருவர்தான். மற்ற எதையும் எழுத வேண்டாம், இதற்கு மட்டும் நேராகப் பதில் எழுது.

அக்கா


ஏப்ரல் 30

மதிப்புக்குரிய அத்தானுக்கு,

வணக்கம். நலம், உங்கள் நலம் அறிய விருப்பம். வீட்டு முகவரிக்கு எழுதாமல் அலுவலகத்துக்கு எழுதுவதற்கு மன்னியுங்கள்.

அத்தான், கிரைண்டர் வளையம் தானாகத் திரும்பாது. திருப்புவதற்குக் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் வேண்டும், கொஞ்சம் அழுத்தமும் வேண்டும். அக்கா திருப்பவில்லை என்கிறாள். அவள் எது வேண்டுமானாலும் செய்வாள், பொய் மட்டும் சொல்ல மாட்டாள். நான் வயதில் சிறியவன், இதற்கு மேல் கேட்கக் கூடாது. அவளுக்கு நான் என்ன பதில் எழுதட்டும்?

அன்புடன்,
உங்கள் மைத்துனன்


மே 12

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

தங்கள் கடிதம் கிடைக்கப்பெற்றேன். புகார் உண்மை. அலுவலகத்தில் எழுதி எழுதி இப்படித்தான் கை போகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

காலையில் உங்கள் அக்கா பால் எடுக்க வாசலுக்குப் போகும்போது நான்தான் வளையத்தைத் திருப்புகிறேன். தினமும் இல்லை. இரண்டு நாள் உட்கார்ந்தால் மூன்றாம் நாள் கை தானாகப் போகிறது. திருடன் மாதிரி இருக்கிறது.

அவள்மேல் எனக்கு ஒரு குறையும் கிடையாது. ஆனால் மாப்பிள்ளை, நாற்காலியில் உட்கார்ந்த நிமிடத்திலிருந்து எழுந்திருக்கும்வரை என் முன்னால் வருகிற ஒவ்வொருவரும் கோபமாகத்தான் வருகிறார்கள். வணக்கம் சொல்லிக்கொண்டு வந்தவர் ஒருவரையும் நான் பார்த்ததில்லை. மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிற நான்தான் குழாயை அடைத்துவைத்திருக்கிறேன் என்பதுபோல் பேசுவார்கள். அந்தக் காபிக் கடையில் எனக்கு ஒரு மூலை மேசை இருக்கிறது. கடைக்காரர் கப்பை வைத்துவிட்டுப் போய்விடுவார். ஒரு மணி நேரம் யாரும் என்னிடம் எதுவும் கேட்க மாட்டார்கள். அது இல்லாவிட்டால் அந்த நாற்காலியில் என்னால் உட்கார முடியாது.

இதை அவளிடம் எப்படிச் சொல்வது? நீ பேசாத ஒரு மணி நேரம் வேண்டும் என்று எந்த வார்த்தையில் சொன்னாலும் அது தவறாகத்தான் போய் விழும். கண்ணாடி முன்னால் நின்று சொல்லிப் பார்த்தேன், எனக்கே கேட்கச் சகிக்கவில்லை.

மெஷினில் உற்பத்திக் கோளாறு, கம்பெனிக்கே திருப்பிக் கொடுத்துவிடு என்று நீங்கள் எழுதினால் அவள் கேட்பாள். இந்த ஓர் உதவி செய்யுங்கள்.

காபி உண்மையில் கடைக் காபியைவிட நன்றாக இருந்தது. அதுதான் சிக்கலே.

அன்புடன்,
அத்தான்


மே 25

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. வெளியூர் வேலை, அலைச்சல். நீ நலமா?

வளையத்துக்குப் பின்னால் ஒரு ஸ்பிரிங் உண்டு. சில மெஷின்களில் அது தளர்ந்திருக்கும். மோட்டார் அதிர்வில் வளையம் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்துவிடும். இது உற்பத்திக் கோளாறு, உன் தவறு ஒன்றுமில்லை. பழுது பார்ப்பது வீண் வேலை. கம்பெனிக்கே திருப்பிக் கொடுத்துவிடு. வேறு மெஷினும் இப்போதைக்கு வேண்டாம்.

அத்தான் கடையிலேயே குடித்துக்கொள்ளட்டும். விட்டுவிடு, அக்கா.

தம்பி


ஜூன் 30

தம்பிக்கு,

நீ நலமா என்று இந்தத் தடவை கேட்கப் போவதில்லை. இருப்பாய்.

உன் ஸ்பிரிங் கடிதம் வந்தது. நகப்பூச்சுப் போட்ட முதல் நாள் காலையில், பூச்சு காயுமுன்பே நான் பால் எடுக்கப் போய்விட்டேன். திரும்பி வந்து காபி போட்டுக் கொடுத்தேன். அவர் கப்பைத் தூக்கியபோது கட்டைவிரலில் சிவப்பு. அதைப் பார்த்த பிறகுதான் உனக்கு எழுதினேன். வளையம் தானாகத் திரும்புமா என்று உன்னைக் கேட்டது தெரியாமல் இல்லை. நீயாவது என்னிடம் உள்ளதைச் சொல்வாயா என்று பார்க்கத்தான் கேட்டேன். நீ மாதக் கணக்கில் யோசித்து எனக்கு ஒரு ஸ்பிரிங்கை அனுப்பினாய்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. நீங்கள் இருவரும் புகார் கேட்டுப் பிழைப்பவர்கள். எதிரே நிற்பவளின் வாயை மூட என்ன சொல்ல வேண்டும் என்பது உங்களுக்குக் கைவந்த கலை. என்னையும் வரிசையில் நிற்க வைத்துவிட்டீர்கள்.

உன் கடிதத்தை எடுத்துப்போய் அவர் முன்னால் வைத்தேன். படித்தார். அப்புறம் எங்கோ பார்த்துக்கொண்டு சொன்னார். "ஒரு மணி நேரம் யாரும் எங்கிட்ட எதுவும் கேக்காம இருக்கணும். அவ்வளவுதான். உன்மேல ஒண்ணும் இல்ல."

"எனக்கு ஒரு மணி நேரமாவது யாராச்சும் எதையாச்சும் கேக்கணும்" என்றேன் நான்.

இரண்டு பேரும் சொல்லவேண்டியதைச் சொல்லிவிட்டோம். அதற்குமேல் என்ன செய்வது என்று இருவருக்கும் தெரியவில்லை. அவர் கடைக்குப் போனார். அன்றிலிருந்து நான் பேசுவதை நிறுத்திவிட்டேன். வீட்டில் தட்டு வைக்கும் சத்தம் தவிர வேறு சத்தமே கிடையாது. கேட்டது கிடைத்ததே, சந்தோஷமாக இருப்பார் என்று பார்த்தால், சோபாவில் தூக்கமும் போய்விட்டது அவருக்கு. அறைக்கு அறை என் பின்னாலேயே வந்து நின்றார். நன்றாக வேண்டும் என்று நானும் விட்டுவிட்டேன். எனக்குள்ளும் எரிச்சல் அடங்கவில்லை. யாரும் இல்லாதபோது மெஷினைத் திட்டினேன். உன்னைத் திட்டினேன்.

போன வாரம் ஒருநாள் காலை, அவர் கிளம்பிக் கொஞ்ச நேரம் கழித்து நானும் கிளம்பினேன். சண்டை போடத்தான் போனேன், மறைப்பானேன். கடையில் மூலை மேசையில் அவர் உட்கார்ந்திருந்தார். பேப்பர் இல்லை, போன் இல்லை, துணைக்கு ஒரு ஆள் இல்லை. கப்பைச் சுற்றி இரண்டு கையையும் வைத்துக்கொண்டு, பஸ்ஸுக்குக் காத்திருக்கும் ஆளைப்போல உட்கார்ந்திருந்தார். அந்த முகத்தைப் பார்த்ததும் சண்டை வாய்க்குள்ளேயே நின்றுவிட்டது. தள்ளி இன்னொரு மேசையில் உட்கார்ந்து நானும் ஒரு காபி சொன்னேன். அவர் என்னைப் பார்த்தார். நான் பேசவில்லை. அது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று உனக்குத் தெரியும், சின்ன வயதில் எனக்கு ரேடியோ என்று பேர் வைத்தவனே நீதானே. கடைக் காபி சுமார்தான். நான் போடுவது மேல்.

எழுந்து வெளியே வந்தோம். பாதித் தெரு வந்தபின் அவராகப் பேச ஆரம்பித்தார். நான் எதுவும் கேட்கவில்லை. கலங்கல் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்துக்கொண்டு ஒருவர் தினமும் அலுவலகத்துக்கு வருவாராம். ஒருநாள் அதை இவர் மேசைமேல் அப்படியே கவிழ்த்துவிட்டாராம். சுற்றி எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, இவர் தன் கைக்குட்டையால் மேசையைத் துடைத்துவிட்டு, அடுத்தவரைக் கூப்பிட்டாராம்.

அந்தக் கைக்குட்டையைத் துவைத்தவள் நான். இது என்ன கறை என்று அன்றைக்குக் கேட்டேன். அவர் வாயைத் திறப்பதற்குள், சோப்பு சரியில்லை, கடைக்காரன் ஏமாற்றுகிறான் என்று நானே ஆரம்பித்துவிட்டேன். நடுத்தெருவில் அது நினைவுக்கு வந்தபோது நான் நாலு எட்டு பின்தங்கிவிட்டேன். அவர் கவனிக்கவில்லை. மேலதிகாரி, புது டோக்கன் மெஷின், கையெழுத்துக்கு அலைவது என்று சொல்லிக்கொண்டே போனார். இத்தனை வருடத்தில் இந்த மனிதர் இவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. ஊர்ப் புகாரையெல்லாம் வாங்கிக்கொள்கிறவருக்கு, தன் புகாரைக் கொடுக்க ஓர் இடம் இல்லை. நான் "ம்" மட்டும் கொட்டிக்கொண்டு வந்தேன்.

அதற்காக வளையத்தைத் திருப்பியதை மன்னித்துவிட்டேன் என்று நினைக்காதே. அவரையும் மன்னிக்கவில்லை, உன்னையும் மன்னிக்கவில்லை. மெஷினைத் திருப்பிக் கொடுக்கப் போவதும் இல்லை.

வீட்டு வாசல் வந்தது. கதவைத் திறக்காமல், சாவியைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார். "நீ ஏதோ சொல்லணும்னு இருந்தியே, என்ன?" என்று கேட்டார்.

எத்தனை நாளாகச் சேர்த்து வைத்திருந்தேன், தம்பி. அவர் கேட்டு, என் முகத்தைப் பார்த்து, பதிலுக்காக நிற்கிறார். அந்த நேரம் பார்த்து ஒன்றுகூட நினைவுக்கு வரவில்லை.

"நாளைக்குச் சொல்றேன்" என்றேன்.

அக்கா